தைத்த தோள், ஆறடி உயரம், 80,358 யார்டு: ட்ரூ ப்ரீஸை எப்படிப் புரிந்துகொள்வது?

#1 ஒன்பதாம்நம்பர்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்காக இருந்த ட்ரூ ப்ரீஸ் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். தோள் போச்சு, யாரும் சீந்தவில்லை, நியூ ஆர்லியன்ஸ் அணி கைகொடுத்தது, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஜெயித்தார். நடந்தது அதுதான். எப்படி நடந்தது என்பதைத்தான் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

அடிப்படை விவரம் முதலில். 1979 ஜனவரி 15-ல் டெக்சஸில் பிறந்தவர். ஆஸ்டின் வெஸ்ட்லேக் பள்ளி, 1996-ல் மாநில சாம்பியன். கல்லூரி இண்டியானாவில் உள்ள பர்டூ. அங்கே ஜோ டில்லர் என்ற பயிற்சியாளர் மைதானத்தை அகலமாக விரித்து, பந்தை எறிந்துகொண்டே இருக்கும் ஆட்டத்தை ஆட வைத்தார். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2001 ட்ராஃப்ட்டில் சான் டியாகோ சார்ஜர்ஸ் எடுத்தது, 32-வது ஆளாக. அந்த வருஷம் முதல் சுற்றில் 31 பேர்தான், அதனால் இவர் இரண்டாம் சுற்றின் முதல் ஆள். 20 சீசன், 287 ஆட்டம், 571 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்து சேர்ந்த எறிதல்), 243 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட எறிதல்). ஓய்வு பெற்ற அன்று எறிந்து சேர்த்த மொத்த யார்டில் (கஜத்தில்), அதாவது 80,358-ல், இவரே முதல். பிறகுதான் டாம் பிரேடி தாண்டினார்.

இதெல்லாம் கைபலத்தால் வந்ததில்லை என்பது என் கட்சி. இவரைவிட நூறு குவார்ட்டர்பேக்காவது பந்தை நீளமாக எறிவார்கள். கால் வைக்கிற இடம், கண் போகிற வரிசை, பந்து கையை விட்டுப் போகிற நேரம் இந்த மூன்றும்தான் இவரை 42 வயது வரை ஆட வைத்தன. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

#2 தோள்மூட்டு

தோளிலிருந்தே தொடங்குகிறேன், அங்கேதான் அதிகம் தவறாக எழுதுகிறார்கள்.

2005 டிசம்பர் 31, டென்வருக்கு எதிரான கடைசி லீக் ஆட்டம். பின்னாலிருந்து வந்த ஜான் லின்ச் அடித்ததில் பந்து நழுவியது. கீழே கிடந்த பந்துக்கு ப்ரீஸ் பாய்ந்தார், அவர் மேல் 150 கிலோ எடை நெருங்கிய தடுப்பு வரிசை ஆட்டக்காரர் விழுந்தார். எறிகிற வலது தோள் கழன்றது.

தோள் மூட்டு ஒரு சின்னத் தட்டில் பெரிய உருண்டை உட்கார்ந்த மாதிரி. உருண்டை வழுக்காமல் இருக்கத் தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு குருத்தெலும்பு வளையம் உண்டு, அதுதான் லேப்ரம். சாதாரணமாகத் தோள் கழன்றால் வளையத்தின் ஒரு பகுதி பிய்யும், மூன்று நான்கு இடத்தில் நங்கூரம் போட்டுத் தைத்தால் போதும். இவருக்கு வளையம் முழுச் சுற்றும் பிய்ந்துவிட்டது. அதோடு உருண்டையைத் தட்டோடு அழுத்திப் பிடிக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநாரும் பாதி கிழிந்திருந்தது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் துளைவழி அறுவை செய்தார்.

இங்கேதான் சிக்கல். இறுக்கித் தைத்தால் தோள் திரும்பக் கழலாது, ஆனால் கை பின்னால் சாயாது. பந்து எறியும்போது முன்கை காதுக்குப் பின்னால் முழுக்கச் சாய்ந்து, வில் மாதிரி வளைந்து திரும்ப வேண்டும். அந்தச் சாய்வு குறைந்தால் வேகம் போய்விடும். தளர்த்தித் தைத்தால் சாய்வு கிடைக்கும், அடுத்த அடியில் மறுபடி கழலும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற அளவு மிகக் குறுகியது. சாதாரண மனிதருக்கு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லக்கூடிய தோள் குவார்ட்டர்பேக்குக்குச் சரியான தோள் இல்லை.

மறுவாழ்வுப் பயிற்சி கெவின் வில்க்கிடம். இந்த வகை அறுவைக்குப் பின் வரிசை பொதுவாக இப்படி இருக்கும். முதல் சில வாரம் தொட்டில் கட்டு, கையை மற்றவர் அசைக்க வேண்டும், தானாகத் தூக்கக்கூடாது. அடுத்து அசைவின் எல்லையை மெல்ல மெல்லக் கூட்டுவது. அதற்கும் பின்னால்தான் ரப்பர் பட்டை, சின்ன எடை. நாலு மாதம் ஒட்டி முதல் எறி, அதுவும் சில கஜ தூரத்துக்கு. தூரத்தைக் கூட்டும்போது மறுநாள் காலை வீக்கம், வலி பார்த்துத்தான் அடுத்த படி. பலர் தோற்பது இந்தக் கட்டத்தில்தான். கை நன்றாக இருக்கிறதே என்று இரண்டு படி தாண்டிவிடுவார்கள்.

#3 புதுவாசகர்

தோள்மூட்டு சார், ஒரு சந்தேகம். எறிவதற்குத் தேவையான தசை முன்பக்கம் தானே? தோளின் பின்பக்கப் பயிற்சியைப் பற்றி எல்லாரும் இவ்வளவு பேசுவது ஏன்?

#4 தோள்மூட்டு

முன்பக்கம் வேகம் கூட்டும், பின்பக்கம் பிரேக் பிடிக்கும். பந்து கையை விட்டபின் கை அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், அதை நிறுத்துவது தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தசைகள். பிரேக் பலவீனமாக இருந்தால் மூளையே வேகத்தைக் குறைத்துவிடும். ப்ரீஸோடு நீண்டகாலம் வேலை செய்த டாம் ஹவுஸ் முன்னாள் பேஸ்பால் பிட்சர். பிட்சர்களுக்கு இந்தப் பின்பக்கக் கணக்கு முன்னமே தெரியும், குவார்ட்டர்பேக் உலகத்துக்கு அது தாமதமாகத்தான் வந்தது.

#5 சம்பளக்கணக்கு

அப்போதைய சந்தை நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சான் டியாகோ 2004-லேயே இன்னொரு குவார்ட்டர்பேக்கான ஃபிலிப் ரிவர்ஸைக் கொண்டுவந்துவிட்டது. அந்த வருஷமே ப்ரீஸ் 27 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன் என்று ஆடினார், அணி 12-4 (12 வெற்றி, 4 தோல்வி). ஆனாலும் பின்னால் ஒரு இளைஞன் காத்திருக்கிறான், முன்னால் இருப்பவரின் தோள் கழன்றிருக்கிறது. பெரிய உத்தரவாதம் தர அணி தயங்கியது.

இரண்டு அணிதான் உண்மையாக வந்தன. மயாமி டால்ஃபின்ஸின் பயிற்சியாளர் நிக் சேபன் விரும்பினார், அணியின் மருத்துவர்கள் தோளைச் சோதித்துவிட்டு வேண்டாம் என்றார்கள். மயாமி அதற்குப் பதில் டான்டே கல்பெப்பரை வாங்கியது. அவருக்கு முழங்கால் போயிருந்தது, 2006-ல் நாலே ஆட்டம் ஆடினார். நியூ ஆர்லியன்ஸில் ஷான் பேட்டன் புதுப் பயிற்சியாளர், முந்தைய சீசனில் அணி 3-13, ஊர் கட்ரீனா புயலில் மூழ்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2006 மார்ச் 14-ல் ஆறு வருஷம், 6 கோடி டாலர் ஒப்பந்தம்.

மயாமி மருத்துவர்களை முட்டாள் என்று எழுதுவது எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்கள் கையில் இருந்தது ஸ்கேனும் இரண்டு மாதத் தோளும்தான். அந்தத் தகவலை வைத்து எடுத்த முடிவு தவறான முடிவு என்று சொல்ல முடியாது.

#6 கார்டுபக்கம்

உயரத்தைப் பற்றி யாரும் தொடவில்லையே. எல்லாரும் ‘ஆறடி ஆள் ஆறடி நாலு அங்குல ஆட்கள் தலைக்கு மேலே எப்படிப் பார்க்கிறார்’ என்று கேட்பார்கள். கேள்வியே தப்பு. ஆறடி ஐந்து அங்குல குவார்ட்டர்பேக்கும் தலைக்கு மேலே பார்ப்பதில்லை. எல்லாருமே ஆட்களுக்கு நடுவே தெரிகிற சந்து வழியாகத்தான் பார்க்கிறார்கள். குள்ளமானவருக்கு அந்தச் சந்து தெரிய வேண்டுமானால், எதிரில் நிற்பவர்கள் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் நியூ ஆர்லியன்ஸ் செலவு செய்த இடத்தைப் பாருங்கள். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து பேர் வரிசையில் மற்ற அணிகள் ஓரத்தில் நிற்கும் டாக்கிளுக்குக் காசைக் கொட்டின, இவர்கள் நடுவே நிற்கும் கார்டுகளுக்கு. ஜாரி எவன்ஸ் 2006 ட்ராஃப்ட்டில் நாலாம் சுற்று, கார்ல் நிக்ஸ் 2008-ல் ஐந்தாம் சுற்று. எவன்ஸுக்கு 2010-ல் ஏழு வருஷம் 5.67 கோடி டாலர், கார்டு இடத்துக்கு அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. 2012-ல் நிக்ஸ் டாம்பா பேக்குப் போனதும் உடனே பென் க்ரப்ஸை வாங்கினார்கள்.

ஓரத்திலிருந்து வருகிற ஆளை ப்ரீஸ் சமாளிப்பார். இரண்டடி முன்னால் ஏறினால் ஓரத்து ஆள் பின்னால் சுற்றிப் போய்விடுவான். நடுவிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தால் ஏற இடமில்லை, சந்து மூடிவிடும், தூக்கிய கையில் பந்து பட்டுத் திரும்பும். அதனால் இந்த அணிக்கு நடுச்சுவர் ஓரடிகூடப் பின்வாங்கக்கூடாது. ப்ரீஸும் பந்தை வாங்கியபின் மற்றவர்களைவிடச் சற்று ஆழமாகப் பின்னால் போவார். ஒரு கஜம் கூடுதலாகப் பின்னால் போனால் பார்வைக் கோணம் தாழும், சந்து அகலமாகத் தெரியும்.

பழைய ஆட்டங்களின் பதிவில் பின்வாங்கும் கடைசி அடியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பின்கால் ஊன்றிய நொடியில் முன்கால் விரல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ பந்து அந்தப் பக்கம்தான் போகும். முதல் ஆள் கிடைக்கவில்லை என்றால் கண் மட்டும் இரண்டாவது ஆளுக்குப் போகாது, இரண்டு காலும் சின்னதாகத் துள்ளித் திரும்பும். கண் திரும்பிக் கால் திரும்பாத குவார்ட்டர்பேக் எறிந்தால் பந்து ஆளுக்குப் பின்னாலோ தலைக்கு மேலோ போகும். அடி அகலமாகப் போனாலும் அதே கதிதான், இடுப்பு பின்தங்கி பந்து உயரே எழும்பும், பின்னால் காத்திருக்கும் எதிரணிக் கடைசிக் காவலரான சேஃப்டிக்கு அது வரம்.

#7 கடைசிவரிசை

கணக்கு பிடித்தவர்களுக்கு ஒன்று. 2010 பிப்ரவரி 7 சூப்பர் பவுலில் கோல்ட்ஸ் அணிக்கு எதிராக 39 எறிதலில் 32 தன் ஆள் கையில் சேர்ந்தது, 288 யார்டு, 2 டச்டவுன், இன்டர்செப்ஷன் இல்லை. எறிதலை மதிப்பிடும் பாஸர் ரேட்டிங் போட்டுப் பார்த்தேன்.

சேர்ந்த சதவீதம் 82.05, அதில் 30 கழித்து 0.05-ஆல் பெருக்கினால் 2.603. ஒரு எறிதலுக்கு 7.385 யார்டு, 3 கழித்து 0.25-ஆல் பெருக்கினால் 1.096. டச்டவுன் சதவீதம் 5.128, 0.2-ஆல் பெருக்கினால் 1.026. இன்டர்செப்ஷன் சுழியம் என்பதால் முழு 2.375. கூட்டினால் 7.100. ஆறால் வகுத்து நூறால் பெருக்கினால் 118.3.

#8 சம்பளக்கணக்கு

கடைசிவரிசை, ஒரு இடத்தில் சறுக்கிவிட்டீர்கள். நான்கு பகுதிக்கும் உச்சவரம்பு 2.375. முதல் பகுதியின் 2.603-ஐ 2.375-ஆக வெட்ட வேண்டும். கூட்டல் 6.872, ரேட்டிங் 114.5.

இந்த வரம்பு தெரியாமல்தான் ‘30-க்கு 29 சேர்த்தும் ஏன் முழு 158.3 வரவில்லை’ என்று கேட்கிறார்கள். 2019 டிசம்பர் 16, அதே கோல்ட்ஸ்: 29/30, 307 யார்டு, 4 டச்டவுன். சேர்ந்த சதவீதம் 77.5-ஐத் தாண்டினால் மேலே பலன் இல்லை. டச்டவுனும் 11.875 சதவீதத்தில் முட்டிவிடும். யார்டு பகுதி நிறைய ஒரு எறிதலுக்கு 12.5 யார்டு வேண்டும், அவருடையது 10.23. அதனால் 148.9. ஒரே ஒரு எறிதல்தான் வீண், அது அன்றைக்கு 96.7 சதவீதம் என்ற சாதனை. அதே இரவில் பெய்டன் மேனிங்கின் 539 டச்டவுனையும் தாண்டினார்.

#9 கடைசிவரிசை

சரிதான், வரம்பை விட்டுவிட்டேன். நன்றி. 114.5 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

#10 திறந்தமைதானம்

எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் மறுபக்கம் பேசுகிறேன். 5,000 யார்டு சீசன் ஐந்து முறை: 2008, 2011, 2012, 2013, 2016. அதில் 2008-ல் அணி 8-8, 2012-லும் 2016-லும் 7-9. சொந்த மைதானம் கூரை போட்டது, காற்றும் இல்லை மழையும் இல்லை. 2004-லிருந்து பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை ஐந்து கஜத்துக்கு மேல் தொட்டால் நடுவர்கள் கடுமையாகத் தண்டனைக் கொடி வீசத் தொடங்கினார்கள், அதனால் எல்லாருடைய யார்டும் ஏறியது. லீகின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருது ஒரு முறைகூட இவருக்குக் கிடைக்கவில்லை. யார்டை வைத்து ஒருவரை உச்சியில் வைப்பது எனக்கு ஏற்பில்லை.

#11 ஒன்பதாம்நம்பர்

கூரையும் விதியும் நியாயமான வாதம், ஏற்கிறேன். தோல்விக் கணக்கை மட்டும் ஏற்க முடியாது. 2012-ல் நியூ ஆர்லியன்ஸ் தடுப்பு அணி விட்டுக்கொடுத்தது 7,042 யார்டு, லீக் வரலாற்றிலேயே மோசம். அந்த வருஷம் பேட்டன் லீக் விதித்த தடையில் வெளியே உட்கார்ந்திருந்தார். பின்தங்கிய அணி எறிந்துகொண்டேதான் இருக்கும், யார்டு ஏறும், தோல்வியும் ஏறும். தடுப்பு சரியாக இருந்த 2009-ல் 13-3, 2018-லும் 13-3.

நான் யார்டைப் பார்ப்பதே இல்லை. சேர்ந்த சதவீதத்தைப் பார்க்கிறேன். 2009-ல் 70.6, 2011-ல் 71.2, 2018-ல் 39 வயதில் 74.4. ஒவ்வொன்றும் அன்றைய சாதனை. கை பலம் இறங்க இறங்க இந்த எண் ஏறுகிறது. அதுதான் நான் முதலில் சொன்ன கட்சி.

#12 திறந்தமைதானம்

74.4-க்கு இன்னொரு காரணம் உண்டு. ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுகிறவர்) ஆல்வின் கமாராவுக்குக் கொடுக்கிற சின்னச் சின்ன எறிதல். குறுகிய தூரம் எறிந்தால் யாருக்கும் சதவீதம் ஏறும்.

#13 கார்டுபக்கம்

யாருக்கும் ஏறாது நண்பரே. சின்ன எறிதல் எளிது என்பது பார்வைக்குத்தான். ரன்னிங் பேக் ஓடுகிற பாதை பேட்டனின் ஆட்டத்தில் முன்கூட்டியே முடிவானதில்லை. எதிரணித் தடுப்பின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர் உள்ளே நின்றால் வெளியே உடைவான், வெளியே நின்றால் உள்ளே. அதை ஓடுகிறவனும் எறிகிறவனும் ஒரே நொடியில் ஒரே மாதிரி படிக்க வேண்டும். ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே என்று படித்தால் பந்து நேராக எதிரணி கையில். ரெஜி புஷ், டேரன் ஸ்ப்ரோல்ஸ், கமாரா என்று ஆள் மாறினாலும் இது வேலை செய்தது.

பந்து போய்ச் சேர்கிற இடமும் முக்கியம். ஓடுகிறவனின் முன் தோளில் விழுந்தால் அவன் வேகம் குறையாமல் திரும்பி ஓடலாம், பின் இடுப்பில் விழுந்தால் நின்று பிடிக்க வேண்டும், அங்கேயே சாய்ப்பார்கள். சதவீதத்தில் இரண்டும் ஒன்றுதான், யார்டில் எட்டு கஜம் வித்தியாசம்.

#14 புதுவாசகர்

ஒரு ப்ளே (பந்து கிளம்பி நிற்பது வரையான ஒரு துண்டு ஆட்டம்) தொடங்குமுன் அவர் தலைக்குள் என்னென்ன நடக்கும் என்று யாராவது வரிசையாகச் சொல்ல முடியுமா? பார்க்கும்போது கை காட்டிக் கத்துகிறார்கள் என்பதுதான் தெரிகிறது.

#15 கடைசிவரிசை

முந்தைய ப்ளே முடிந்ததும் 40 நொடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஹெல்மெட்டுக்குள் ஒலிபெருக்கி இருக்கிறது, அந்த ஹெல்மெட்டின் பின்னால் பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கும். பயிற்சியாளர் ப்ளேயைச் சொல்வார். கடிகாரம் 15 நொடியைத் தொட்டதும் இணைப்பு அறுந்துவிடும். ஆக மொத்தம் 25 நொடிதான் குரல். அதில் பாதி போனபின் ப்ளே வந்தால் வட்டத்தில் சொல்லிக் கலைந்து வரிசையில் நிற்கவே நேரம் போய்விடும்.

சொல்ல வேண்டியது நாலைந்து துண்டு: யார் எங்கே நிற்பது, யார் நகர்வது, தடுப்பு எந்தப் பக்கம் சாய்வது, யார் எந்தப் பாதையில் ஓடுவது, எந்த எண்ணுக்குப் பந்து கிளம்புவது. பல சமயம் இரண்டு ப்ளே சேர்த்தே வரும், எதிரணி நிற்கிற விதம் பிடிக்கவில்லை என்றால் ஒரே சொல்லில் முதலாவதைக் கொன்று இரண்டாவதுக்கு மாறலாம்.

வரிசைக்கு வந்ததும் முதலில் சேஃப்டிகளை எண்ண வேண்டும். நடுவே ஒருவரா, பிரிந்து இருவரா? அடுத்து நடு லைன்பேக்கர் யார் என்று கைகாட்டிச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்கிற அந்தக் கத்தல் இதுதான். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து தடுப்பாளர்களும் அந்த ஆளை மையமாக வைத்துத்தான் யார் யாரைப் பிடிப்பது என்று பிரித்துக்கொள்கிறார்கள். தவறான ஆளைக் காட்டினால் ஒருவன் தடையே இல்லாமல் உள்ளே வருவான், எந்தத் தடுப்பாளர் மேலும் தப்பிருக்காது. தடுக்க ஆள் போதாது என்று தெரிந்தால் முதல் நொடியிலேயே யாருக்கு எறிவது என்பதும் முன்பே மனதில் இருக்க வேண்டும். பந்து கைக்கு வந்தபின் சுமார் இரண்டரை நொடி, அதற்குள் முதல் ஆள், இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள், கடைசியாகப் பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்.

வாரம் முழுக்க இதற்குத்தான் போகும். ஞாயிறு ஆட்டம் என்றால் திங்கள் பழைய பதிவு, செவ்வாய் ஆட்டக்காரர்களுக்கு விடுப்பு, ஆனால் குவார்ட்டர்பேக் எதிரணியின் பதிவோடு உட்கார்ந்திருப்பார். புதன் முதல் இரண்டு டவுன்களுக்கான (பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் முதல் இரண்டு) ப்ளே, வியாழன் மூன்றாவது டவுன், வெள்ளி கோலுக்குப் பக்கத்து 20 கஜம், சனி நடந்தே ஒரு ஒத்திகை.

#16 சம்பளக்கணக்கு

கடைசிக் கட்டத்துப் பணக்கணக்கும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2012-ல் ஐந்து வருஷம் 10 கோடி டாலர் ஒப்பந்தம். லீகில் ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. கையெழுத்துப் பணத்தை ஆட்டக்காரருக்கு உடனே கொடுத்துவிடலாம், கணக்கில் மட்டும் அதிகபட்சம் ஐந்து வருஷத்துக்குப் பிரித்து எழுதலாம். 3 கோடி கொடுத்தால் வருஷத்துக்கு 60 லட்சம். நியூ ஆர்லியன்ஸ் இதைத் திரும்பத் திரும்பச் செய்தது: இந்த வருஷச் சம்பளத்தைக் கையெழுத்துப் பணமாக மாற்று, பாரத்தைப் பின்னால் தள்ளு. ஆட்டக்காரர் ஓய்வு பெற்றால் எழுதாமல் மிஞ்சிய தொகை முழுக்க ஒரே வருஷத்தில் வந்து விழும்.

2021 பிப்ரவரியில் ப்ரீஸ் தன் 2.5 கோடி சம்பளத்தை மூத்த ஆட்டக்காரருக்கான குறைந்தபட்சமான 10.75 லட்சத்துக்கு இறக்கிக்கொண்டார். அப்போதே ஓய்வு என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அறிவித்தது மார்ச் 14, நியூ ஆர்லியன்ஸோடு முதலில் கையெழுத்திட்டு சரியாகப் பதினைந்து வருஷம். ஆனால் ஜூன் 1-க்குப் பின் கணக்கில் ஏற்றினால் மிச்சப் பாரத்தை இரண்டு வருஷத்துக்குப் பிரிக்கலாம், அதற்கு வசதியாகத்தான் சம்பளக் குறைப்பு.

#17 ஆற்றங்கரைஊர்

ஊரோடு அவருக்கிருந்த உறவையும் பதிய வேண்டும். 2006 செப்டம்பர் 25 அன்று புயலுக்குப் பின் சூப்பர்டோம் திறந்த ஆட்டம், அட்லாண்டாவை 23-3. புனரமைப்பு நடந்துகொண்டிருந்த ஊருக்குள்ளேயே வீடு வாங்கிக் குடியேறினார். 2003-ல் மனைவி பிரிட்டனியோடு தொடங்கிய அறக்கட்டளை வழியே பள்ளிகளுக்கும் மைதானங்களுக்கும் பணம் போனது. 2020 மார்ச்சில் லூசியானா மாநிலத்துக்கு 50 லட்சம் டாலர் அறிவித்தார்கள்.

அதே வருஷம் ஜூனில் இன அநீதியை எதிர்த்து தேசிய கீதத்தின்போது கொடி முன் மண்டியிடுவது பற்றிச் சொன்ன பதில் சக ஆட்டக்காரர்களையே காயப்படுத்தியது, மால்கம் ஜென்கின்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தார், ப்ரீஸ் மன்னிப்புக் கேட்டார். ஊர் அவரை எவ்வளவு நேசித்ததோ அவ்வளவு வலித்தது. இதை விட்டுவிட்டு எழுதுகிற வாழ்க்கை வரலாறு முழுமையில்லை.

#18 புதுவாசகர்

கடைசியாக ஒரு கேள்வி. தைத்த தோள் கடைசி வரை தாங்கியதா?

#19 தோள்மூட்டு

15 சீசன் தாங்கியது. இடையில் போனது வேறு இடங்கள். 2019 செப்டம்பரில் ராம்ஸ் ஆட்டத்தில் எறிகிற கை ஆரன் டொனால்டின் கையில் மோதிக் கட்டைவிரல் தசைநார் கிழிந்தது. அந்தத் தசைநார் இல்லாமல் பந்தை இறுக்கிப் பிடிக்க முடியாது, விரல் விலகும், சுழற்சி தள்ளாடும். அறுவை செய்து ஐந்து ஆட்டம் வெளியே, ஐந்தையும் டெடி பிரிட்ஜ்வாட்டர் ஜெயித்துக் கொடுத்தார். 2020 நவம்பரில் விலா எலும்புகள் முறிந்து நுரையீரலில் காற்றிறங்கியது, நாலு ஆட்டம் போச்சு. கடைசி ஆட்டம் 2021 ஜனவரி 17, டாம்பா பேயிடம் 30-20 தோல்வி, மூன்று இன்டர்செப்ஷன். எதிரே பிரேடி.

தோளுக்குத் திரும்புவோம். ஓய்வுக்குப் பின் அவரே சொன்னது: வலது கை இனி எறிவதற்கு உதவாது. மூட்டு தேய்ந்துவிட்டது. முழுச் சுற்றும் தைத்த மூட்டில் உருண்டையும் தட்டும் பழைய மாதிரி வழுக்கி ஓடாது, அந்த நிலையில் பல்லாயிரம் எறிதல் எறிந்தால் குருத்தெலும்பு தேய்வது எதிர்பார்க்கக்கூடியதே. வீட்டுத் தோட்டத்தில் பந்து எறிந்தால் இப்போது இடது கையால்தான் எறிகிறார்.